அழுத்தக் காலுறை: அணிவதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எங்கள் இரத்தநாளச் சிகிச்சைப் பிரிவுக்கு மறுபரிசோதனைக்காக வருவோரில் சிலர், பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து மேசைமீது வைப்பதுண்டு. சில மாதங்களுக்கு முன் நாங்கள் எழுதிக் கொடுத்த அழுத்தக் காலுறை அதற்குள் மடிப்புக் கலையாமல் இருக்கும். ஆறியிருந்த கணுக்கால் புண்ணோ மீண்டும் திறந்திருக்கும். “போட்டுப் பார்த்தோம் டாக்டர், ஏறவே இல்லை” என்பார் உடன் வந்தவர். வேறு சிலர், எங்களிடம் வருமுன்பே, தெரிந்தவர் சொன்னார் என்று கடையில் ஒரு காலுறையை வாங்கி இரவு பகலாக அணிந்து, கால்விரல்கள் நிறம் மாறிய நிலையில் வருகின்றனர்.

முதலாமவருக்குக் காலுறை பயன்படாமல் போனது. இரண்டாமவருக்கு அது தீங்கு செய்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. காலுறையை ஓர் உடையாகக் கருதிவிட்டோம். அது மருந்து. மருந்துக்கு இருப்பதுபோல் அதற்கும் அளவு உண்டு, வேளை உண்டு, கொடுக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு.

காலுறையை அணியாமல் வந்தவர்களை முன்பெல்லாம் நாங்கள் கடிந்துகொண்டதுண்டு. பிறகு, ஏன் அணியவில்லை என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்கத் தொடங்கினோம். கிடைத்த விடைகளில் பல எங்கள் குறைகளையே சுட்டின. அளவெடுக்காமல் எழுதிக் கொடுத்திருந்தோம். குனிய இயலாத முதியவருக்கு அதை யார் அணிவித்து விடுவார் என்று விசாரிக்காமல் அனுப்பியிருந்தோம். ஆகவே இப்போது காலுறையை எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். இந்தக் காலுக்குத் தமனி இரத்தம் போதிய அளவு வருகிறதா? அளவு சரியாக எடுக்கப்பட்டதா? நாள்தோறும் காலையில் இதை யார் அணிவிப்பார்? இக்கேள்விகளை நோயாளிகளும் குடும்பத்தினரும் எங்களைக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலில் இரத்தம் தேங்குவது ஏன்?

இதயத்திலிருந்து காலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய் தமனி. காலிலிருந்து இதயத்துக்கு அதைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் சிரை. “நரம்பு சுருட்டிக்கொண்டது” என்று பேச்சு வழக்கில் நாம் சொல்வது உண்மையில் நரம்பை அன்று. புடைத்து நெளிந்த சிரையையே. மருத்துவர்கள் இதனை வெரிகோஸ் வெயின் என்பர்.

கீழே இறங்குவது இரத்தத்துக்கு எளிது; மேலே ஏறுவது கடினம். அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலருகே சிரையினுள் உள்ள அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் சுருங்கி, சிரைகளைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய இரத்தம் மீண்டும் இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் சிறு வால்வுகள் மூடிக்கொள்கின்றன. எனவே நலமான காலில், நடக்கும்போது அந்த அழுத்தம் 30 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சிரை வால்வுகள் இரத்தத்தை இதயம் நோக்கி மட்டுமே செல்லவிடும் என்பதை வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கிக் காட்டினார்.

வால்வுகள் பழுதுபட்டால், ஏறிய இரத்தம் மீண்டும் இறங்குகிறது. நடந்தாலும் அழுத்தம் குறைவதில்லை. மாலையில் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, உள்ளழுத்தத்தால் இரத்தச் சிவப்பணுக்கள் நுண்குழாய்களிலிருந்து தோலுக்குள் கசிகின்றன. அவற்றிலுள்ள இரும்புச்சத்து அங்கேயே படிந்து, கணுக்காலின் உட்புறத்தோல் பழுப்பாகிக் கறுக்கிறது. தோல் தடிக்கிறது, அரிக்கிறது. இந்நிலையில் ஒரு கொசுக்கடியைச் சொறிந்தாலும், கட்டில் முனையில் லேசாக இடித்துக்கொண்டாலும், எளிதில் ஆறாத புண் உண்டாகலாம். அப்புண்ணுக்கு எத்தனை களிம்பு மாற்றினாலும், உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்காமல் அதை ஆற்றுவது கடினம்.

மரபு, வயது, உடற்பருமன், பலமுறை கருத்தரித்தல், முன்பு காலில் ஏற்பட்ட இரத்தக்கட்டு ஆகியவை இந்நோய்க்கு வழிவகுக்கின்றன. நெடுநேரம் நின்றே செய்யும் பணி தொல்லைகளை மிகுவிக்கிறது. துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களும், உணவக ஊழியர்களும், போக்குவரத்துக் காவலர்களும், ஆசிரியர்களும், எங்கள் செவிலியர்களும் இதற்கு ஆளாகின்றனர். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு திருத்தம் செய்யப்பட்டது. இருக்கை கேட்பதை நோயாளிகள் கூச்சத்துக்குரிய ஒன்றாக எண்ண வேண்டியதில்லை.

காலுறை செய்வதும் செய்யாததும்

கான்ராட் ஜோப்ஸ்ட் என்னும் பொறியாளர் தாமே கால் சிரை நோயால் துன்புற்றவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது தம் கால்வலி தணிவதைக் கவனித்தார். நீரில் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். ஆகவே நிற்பவரின் கணுக்காலில் மிகுதியாகவும், மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் நீர் அழுத்துகிறது. அதே முறையில் அழுத்தும் காலுறையை 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் அவர் உருவாக்கினார். கிணற்றிலோ ஆற்றிலோ கழுத்தளவு நீரில் நின்றவர்கள், காலைச் சுற்றி நீர் அணைத்துப் பிடிப்பதை உணர்ந்திருப்பார்கள். காலுறையின் வேலையும் அதுவே.

வெளியிலிருந்து வரும் இவ்வழுத்தம் விரிந்த சிரையைச் சுருக்குகிறது. இரத்தம் விரைந்து மேலேறுகிறது. தோலுக்குள் நீர் கசிவது குறைகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிவதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. இதனால் வீக்கமும் கனமும் குறைகின்றன. ஆறிய புண் மீண்டும் வராமல் தடுப்பதில் காலுறைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் புடைத்த சிரையைக் காலுறை மறையச் செய்யாது. பழுதான வால்வைச் சீராக்காது. அணிந்திருக்கும் நேரத்தில் மட்டுமே அது வேலை செய்யும். தக்கவர்களுக்கு லேசர், வெப்ப அலை, ஊசிமருந்து, அறுவை ஆகிய முறைகளால் பழுதான சிரையை அடைத்துவிடவோ அகற்றவோ முடியும். கால் புண் உள்ளவர்களிடம் இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அழுத்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் புண் மீண்டும் வந்தது. அதனோடு சிரை அறுவையும் செய்துகொண்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கே வந்தது. ஆகவே “காலுறையா, அறுவையா” என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பலருக்கு இரண்டும் தேவை.

கருவுற்ற பெண்களுக்குக் காலின் கனத்தையும் வீக்கத்தையும் காலுறை தணிக்கும். கருவுற்றபோது தோன்றும் சிரைப் புடைப்பு மகப்பேற்றுக்குப் பின் பெரும்பாலும் வடிந்துவிடும். பல மணி நேர விமானப் பயணத்தில், அறிகுறியின்றிக் காலில் தோன்றும் இரத்தக்கட்டுகளையும் வீக்கத்தையும் காலுறை குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

அறுவைக்குப் பின் படுக்கையில் இருக்கும் சிலருக்கு மருத்துவமனையில் வெண்ணிறக் காலுறை அணிவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு வகை. படுத்திருப்பவருக்கு இரத்தக்கட்டு வராமல் தடுப்பதற்கென்றே குறைந்த அழுத்தத்தில் நெய்யப்பட்டது. அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று சுருள் சிரைக்கு அணிவதால் போதிய பயன் இல்லை. படுக்கையில் உள்ள எல்லோருக்கும் அது ஏற்றதும் அன்று. பக்கவாத நோயாளிகளிடம் தொடை வரையிலான அத்தகைய காலுறையைச் சோதித்து 2009இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், இரத்தக்கட்டு குறையவில்லை. தோல் உரிதலும் கொப்புளமும் மிகுந்தன. ஆகவே வீட்டில் பக்கவாதத்தால் படுத்திருப்பவருக்கு, நல்லெண்ணத்தோடு நீங்களாகவே காலுறை வாங்கி அணிவிக்க வேண்டாம்.

முதற் கேள்வி: தமனி இரத்தம் போதிய அளவு வருகிறதா?

மூன்று கேள்விகளில் இதுவே தலையாயது. சிரை நோயில் காலை விட்டு இரத்தம் வெளியேறுவது தடைப்படுகிறது. தமனி நோயில் காலுக்குள் இரத்தம் வருவதே குறைகிறது. குறைவாக வரும் இரத்தத்தை மேலும் நெருக்கினால், விரலும் குதிகாலும் பட்டினி கிடக்கும். தோல் கறுத்து அழுகக்கூடும். சிலர் விரலையோ காலையோ இழக்க நேரிடும்.

புகைபிடிப்போர், நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், முன்பே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் ஆகியோர்க்குத் தமனி அடைப்பு இருக்க வாய்ப்பு மிகுதி. வீட்டிலேயே கவனிக்கத்தக்க ஒரு வேறுபாட்டைச் சொல்கிறோம். சிரை நோயின் வலி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தால் தணியும். தமனி நோயின் வலி, காலை உயர்த்தினால் கூடும். கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டால் தணியும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, சற்று நின்றதும் விட்டுவிடுவதும் தமனி நோயின் அறிகுறி. இரவில் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டபடியே உறங்கும் முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு எங்கள் பரிசோதனை முடியும்வரை எந்த அழுத்தக் காலுறையும் அணிவிக்காதீர்கள்.

எங்கள் பரிசோதனை எளியது; வலியற்றது. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, கணுக்கால் எண்ணைக் கையின் எண்ணால் வகுக்கிறோம். கணுக்காலில் அளக்க, கைக்கடக்கமான டாப்ளர் கருவி பயன்படுகிறது. கையில் 130, கணுக்காலிலும் 130 என்றால் விகிதம் 1, இது இயல்பானது. கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விகிதம் 0.6. விகிதம் 0.8க்குக் கீழே இருப்பவருக்கு வழக்கமான வலுவுள்ள காலுறையை நாங்கள் தருவதில்லை. 0.5க்குக் கீழே இருந்தால் அழுத்தச் சிகிச்சையே கூடாது. முதலில் தமனி அடைப்புக்கு வழிகாண வேண்டும். இடைப்பட்டவர்களுக்குக் குறைந்த அழுத்தத்தை, மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்தலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மேலும் ஒரு கவனம் தேவை. அவர்களின் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுவதால், இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும். 1.3க்கு மேல் வந்தால் அதை நல்ல செய்தியாகக் கொள்ளாமல், கால்விரல் அழுத்தத்தையும் அளக்கிறோம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் காலுறை இறுக்கி வெட்டினாலும் தெரியாது. அவர்களுக்குக் காலுறை கொடுத்தால், நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பதற்கு வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

வீக்கத்தின் காரணத்தையும் உறுதி செய்தல் வேண்டும். இரு கால்களும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பில் காலை இறுக்கினால், அங்கிருந்த நீர் இதயத்துக்குத் திரும்பி மூச்சுத்திணறலைக் கூட்டக்கூடும். இரத்த அழுத்தத்துக்குப் பலர் உட்கொள்ளும் அம்லோடிபின் மாத்திரையும் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கலாம். அம்மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். யானைக்கால் நோய் வீக்கத்துக்கும் அழுத்தச் சிகிச்சை உண்டு. ஆனால் அதன் கட்டுமுறையும் காலுறையும் வேறு. தோல் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தால், தொற்று தணியும்வரை காலுறையைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: அளவு சரியா?

செருப்பு எண்ணைச் சொல்லி வாங்கும் பொருள் அன்று இது. பொதுவான “எஸ், எம், எல்” அளவைக் கண்மதிப்பில் வாங்குவதும் தவறு. கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கால் மிகவும் மெலிந்திருக்கும் இடத்தின் சுற்றளவு ஒன்று. கெண்டைக்கால் மிகவும் பருத்திருக்கும் இடத்தின் சுற்றளவு மற்றொன்று. குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புக்குக் கீழ்வரை உள்ள உயரம் மூன்றாவது. தொடை வரையிலான காலுறைக்குத் தொடைச் சுற்றளவும் தேவை. இரு கால்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். அவை ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதில்லை.

அளவெடுக்கும் வேளை காலை. மாலையில் வீங்கிய காலை அளந்து வாங்கினால், மறுநாள் காலையில் காலுறை தளர்ந்துவிடும். கால் மிகவும் வீங்கியிருந்தால், முதலில் சில வாரம் அழுத்தக் கட்டு போட்டு வீக்கத்தை வடியச் செய்து, அதன்பின் அளவெடுக்கிறோம். கட்டுப் போடும் நாள்களில் சிலர் சலிப்புறுவதுண்டு. அந்தக் காத்திருப்பு வீணன்று.

அழுத்தத்தின் அளவும் பெட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பிய முறையில் முதல் வகுப்பு கணுக்காலில் 18 முதல் 21 மி.மீ., இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 மி.மீ., மூன்றாம் வகுப்பு 34 முதல் 46 மி.மீ. அழுத்தம் தரும். பிரிட்டன் முறையில் இதே வகுப்பு எண்களுக்கு அழுத்தம் குறைவு. அமெரிக்கப் பொருள்களில் 15-20, 20-30, 30-40 என்று நேரடியாகவே எழுதியிருக்கும். எனவே கடையில் “கிளாஸ் 2” என்று மட்டும் கேட்காமல், சீட்டில் நாங்கள் எழுதியிருக்கும் மி.மீ. அளவைக் காட்டுங்கள். அழுத்தம் கூடுதலாக இருந்தால் குணமும் கூடுதலாகும் என்று எண்ண வேண்டாம். உங்களால் நாள்தோறும் அணிய முடிந்த குறைந்த அழுத்தக் காலுறை, பெட்டியிலேயே கிடக்கும் வலுவான காலுறையைவிட மேலானது.

பெரும்பாலோர்க்கு முழங்காலுக்குக் கீழ்வரையிலான காலுறையே போதும். தொடை வரையிலானது நம் வெயிலில் புழுங்கும். சரிந்து முழங்காலின் பின்புறம் மடிந்து வெட்டும். மெலிந்து எலும்பு துருத்திய கால்களில், ஒரே இறுக்கமுள்ள துணியும் கூடுதலாக அழுத்தும். கணுக்கால் எலும்பும் முன்கால் எலும்பும் புடைத்துள்ளவர்களுக்கு அங்கே மெத்தென்ற பஞ்சுப் பட்டையை வைக்கச் சொல்கிறோம்.

மூன்றாம் கேள்வி: நாள்தோறும் யார் அணிவிப்பார்?

மூட்டுவலி உள்ளவர், தொந்தி பெருத்தவர், இடுப்பு அறுவை செய்துகொண்டவர், கைவிரல் வலுவிழந்தவர் ஆகியோரால் குனிந்து இதை இழுத்து ஏற்ற இயலாது. அது அவர்களின் சோம்பல் அன்று. மகளோ மருமகளோ மனைவியோ கணவரோ அணிவித்தாக வேண்டும். அவர்களும் காலை ஏழு மணிக்கு அடுப்படிக்கும் பேருந்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருப்பவர்கள். ஆகவே அணிவிக்கப் போகிறவரையும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். எங்கள் செவிலியர் முன்னிலையில் அவர் ஒருமுறை தாமே அணிவித்துப் பார்த்த பிறகு வீட்டுக்குச் செல்வது நலம்.

படுக்கையிலிருந்து எழுந்து காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன்பே அணிவதே சிறந்தது. அதற்குள் குளித்துவிட்டால், 15 நிமிடம் காலை உயர்த்திப் படுத்திருந்து, ஈரமில்லாமல் நன்கு துடைத்த பிறகு அணியலாம். கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிடுங்கள். அவை காலுறையையும் கிழிக்கும், தோலிலும் பதியும். மெட்டியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்களுக்கு விரல் பகுதி திறந்துள்ள காலுறை பொருந்தும். கால்நகங்களை ஒழுங்காக வெட்டி வைத்திருங்கள்.

காலுறைக்குள் கையைவிட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உட்புறம் வெளியே வருமாறு புரட்டுங்கள். பாதத்தை முதலில் நுழைத்துக் குதிகாலைச் சரியான இடத்தில் அமர்த்துங்கள். பிறகு எஞ்சிய பகுதியைச் சிறிது சிறிதாக மேலே ஏற்றுங்கள். மேல்விளிம்பை மட்டும் பிடித்து இழுக்க வேண்டாம். பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையை அணிந்துகொண்டால் துணி நன்றாகப் பிடிபடும், நகமும் கீறாது. விரல் திறந்த காலுறையாக இருந்தால், பாதத்தின்மேல் முதலில் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் பையைப் போட்டு, அதன்மேல் காலுறையை ஏற்றி, பின்னர் விரல் பக்கமாகப் பையை உருவிவிடலாம். இவ்வளவு எளிய உத்தியால், அணிவதையே கைவிட்டிருந்த பலர் மீண்டும் அணியத் தொடங்கியதைக் கண்டிருக்கிறோம்.

மேல்விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்க வேண்டும். நீளம் மிகுந்தால் மடித்துவிடக் கூடாது. மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, காலைக் கயிற்றால் கட்டியது போலாகிவிடும். சுருக்கங்களைக் கையால் நீவிவிடுங்கள்.

நிற்கும், நடக்கும், உட்காரும் நேரமெல்லாம் காலுறை இருக்கட்டும். இரவு படுக்கும்போது கழற்றிவிடுங்கள். படுத்த நிலையில் அதற்கு வேலையில்லை. கழற்றிய பிறகு தோலுக்கு ஈரப்பதம் தரும் களிம்பையோ தேங்காய் எண்ணெயையோ பூசுவதற்கு இரவே ஏற்ற நேரம். காலையில் எண்ணெய் பூசி அதன்மேல் அணிந்தால், காலுறையின் மீள்தன்மை விரைவில் கெடும்.

கோடையில் முழுநாளும் அணிய முடியவில்லை என்று பலர் சொல்வது நியாயமானதே. முதல் வாரம் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் அணிந்து சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஆறிய புண் உள்ளவர்கள் மட்டும் கோடையைக் காரணமாக்கி நிறுத்திவிடக் கூடாது. வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பது நம் வழக்கம். காலுறையோடு வழுவழுப்பான தரையில் நடந்தால் முதியவர்கள் வழுக்கி விழலாம். வீட்டுக்குள் அணிவதற்கெனத் தனியே ஒரு பிடிப்புள்ள செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பும் துணைப் பழக்கங்களும்

இரண்டு இணைகள் இருந்தால் ஒன்றைத் துவைத்து மற்றொன்றை அணியலாம். மென்மையான சோப்புத் தூளில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். கொதிநீர், பிளீச்சிங் தூள், இஸ்திரிப் பெட்டி, கடும் வெயில் ஆகியவை கூடாது. ஒழுங்காக அணியப்படும் காலுறை ஏறத்தாழ ஆறு மாதத்தில் தன் இறுக்கத்தை இழக்கும். “இப்போதுதான் சுலபமாக ஏறுகிறது” என்று நீங்கள் மகிழும் நாளே அதை மாற்ற வேண்டிய நாளாக இருக்கலாம்.

காலுறை தனித்து வேலை செய்வதில்லை. கெண்டைக்கால் தசையும் உழைக்க வேண்டும். நாள்தோறும் நடங்கள். நின்றே பணி செய்பவர்கள் அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். ஓய்வின்போது இதயத்தின் மட்டத்துக்கு மேலே காலை உயர்த்திப் படுங்கள். உடல் எடையைக் குறைப்பதும், புகையை அறவே விடுவதும் காலைக் காக்கும்.

உடனே வர வேண்டிய நிலைமைகள்

காலுறை அணிந்தபின் விரல்கள் நீலம் பாரித்தாலோ வெளுத்தாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ, வலி கூடினாலோ உடனே கழற்றிவிடுங்கள். கழற்றியும் சரியாகாவிட்டால் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். மறுபரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தோலில் புதிய கொப்புளமோ புண்ணோ தோன்றினாலும் காலுறையை நிறுத்திவிட்டு எங்களிடம் காட்டுங்கள்.

ஒரே கால் திடீரென வீங்கி வலித்தால் அது ஆழ்சிரையில் இரத்தக்கட்டாக இருக்கலாம். காலுறையை இறுக்கி அணிந்து பார்ப்போம் என்றோ, எண்ணெய் தேய்த்து நீவிவிடலாம் என்றோ முயல வேண்டாம். அன்றே ஸ்கேன் செய்துகொள்ள வாருங்கள். அதனோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், கட்டி நுரையீரலுக்குச் சென்றிருக்கக்கூடும். உடனே 108ஐ அழையுங்கள்.

சுருள் சிரையிலிருந்து இரத்தம் பீறிட்டால் அஞ்சாமல் படுத்து, காலை உயர்த்தி, தூய துணியால் அவ்விடத்தை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். காலை நிமிர்த்தி வைத்து அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். மேலே கயிறு கட்ட வேண்டாம். பிறகு மருத்துவமனைக்கு வாருங்கள்.

நிறைவாக

தமனியின் நிலை ஆண்டுகள் செல்லச் செல்ல மாறக்கூடியது. சென்ற ஆண்டு காலுறைக்கு ஏற்றதாக இருந்த கால், இவ்வாண்டு ஏற்றதாக இல்லாமல் போகலாம். ஆகவே நெடுநாள் அணிவோர், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணுக்கால் அழுத்தத்தை மீண்டும் அளந்துகொள்ளுங்கள். காலுறை மாற்றும் போதெல்லாம் அளவையும் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு அலமாரியில் அணியப்படாத காலுறை ஒன்று இருந்தால், அடுத்த முறை வரும்போது தயங்காமல் அதையும் எடுத்து வாருங்கள். அணியாததற்காக நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். ஏன் ஏறவில்லை, எங்கே வெட்டுகிறது, யார் அணிவிக்கிறார் என்று கேட்போம். அளவைத் திருத்தியோ, அழுத்தத்தைக் குறைத்தோ, வேறு வழி கண்டோ, உங்கள் காலுக்கும் உங்கள் வீட்டுக் காலை நேரத்துக்கும் பொருந்தும் ஒன்றை நாம் சேர்ந்தே கண்டறிவோம்.